கரண்ட் கூடினாலும் குறைந்தாலும்: கேம்பர் வேனையும் கபானாவையும் காப்பாற்றும் வழி

சீசன் காலத்தில் இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலிருந்தும் அறுகம்பையிலிருந்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். "பிரிட்ஜ் ஓடுதில்ல", "வேனைத் தொட்டா ஷொக் அடிக்குது", "ட்ரிப் சுவிட்ச் நிக்குதில்ல". ஆள் மாறும், இடம் மாறும், காரணம் மாறுவதில்லை. கடலோர மணல், உப்புக் காற்று, மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர், ஒரே லைனில் தொங்கும் பத்து ஏ.சி. இவற்றுக்குள்தான் எல்லாம் அடங்கும்.

உள்ளேயே படுத்துறங்கும் கேம்பர் வேன் வைத்திருப்பவர்களுக்கும், முற்றத்தில் வேன் நிறுத்த இடமும் கரண்டும் கொடுக்கும் கெஸ்ட் ஹவுஸ்காரருக்கும் கபானாக்காரருக்கும் (கடற்கரைக் குடில்) இதை எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தத் தலைப்புக்குப் போங்கள். செலவில்லாத காரணத்திலிருந்து செலவு கூடிய காரணம் வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

தொடங்குமுன் கையில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். டெஸ்டர் போதாது. டெஸ்டரில் விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று தெரியும், எத்தனை வோல்ட் என்று தெரியாது. 150 வோல்ட்டிலும் எரியும், 290 வோல்ட்டிலும் எரியும். மீட்டர் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள், சொக்கெட்டில் நேரே குத்தினால் இலக்கத்தில் காட்டும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி வேனுக்குள் நிரந்தரமாகக் குத்தி வையுங்கள். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், 6 வீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் பிளக் பொயின்ட் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்தால் நல்லது.

மீட்டர் பிடிக்கும்போது காலில் செருப்பு, காய்ந்த கை. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று சொக்கெட்டைத் திறக்க வேண்டாம்.

அறிகுறி 1: லைட் மங்குகிறது, ஃபேன் இழுபடுகிறது

முதலில் நேரத்தைப் பாருங்கள். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரைக்கும் மட்டும் மங்கினால் ஊர் முழுக்க லோட் ஏறிய நேரம் அது. பகலில் விட்டுவிட்டு ஒரு விநாடி மங்கித் திரும்பினால் அந்த லைனில் அரிசி ஆலையோ மர ஆலையோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். அம்பாறைப் பக்கம் இது சர்வ சாதாரணம், பெரிய மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் குனிந்து நிமிரும்.

நாள் முழுக்க மங்கலாக இருந்தால் இரண்டு அளவு எடுங்கள். வேனில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு சொக்கெட்டில் ஒரு தடவை. பிறகு கேத்தலைப் போட்டுவிட்டு, வேனுக்குள் ஒரு தடவை.

சும்மா இருக்கும்போது 228, கேத்தல் போட்டதும் 205 என்றால் குற்றம் பெரும்பாலும் உங்கள் வயரில். பத்துக்கு ஏழு தடவை எனக்கு இதுதான் அகப்படுகிறது. 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 மீட்டர் இழுத்து 6 அம்பியர் ஓட விட்டாலே 11 வோல்ட் வழியில் கரைந்துவிடும். அதற்கு மேல் அந்த வயர் தாங்கவும் தாங்காது. அதே 30 மீட்டரை 2.5 சதுர மில்லிமீட்டரில் இழுத்தால் 10 அம்பியருக்கும் ஐந்தரை வோல்ட்தான் போகும். வயரின் மேலுறையில் அளவு அச்சடித்திருக்கும். அச்சே இல்லாத வயர் என்றால் அதை வேனுக்குப் பாவிக்க வேண்டாம். சுருளிலிருந்து இழுக்கும் கோட் (எக்ஸ்டென்ஷன் வயர்) என்றால் பத்து மீட்டர் மட்டும் போதுமாக இருந்தாலும் முழுவதையும் அவிழ்த்து மணலில் போடுங்கள். சுற்றியபடி லோட் கொடுத்தால் உள்ளே சூடேறி உறை உருகி ஒட்டிக்கொள்ளும். திருக்கோவிலில் ஒரு தம்பி கொண்டு வந்து காட்டிய கோட் உள்ளே ஒரே கட்டியாக இருந்தது. வெளியே பார்த்தால் புதுசு மாதிரி.

வயர் சரி, இன்னும் குறைகிறது என்றால் சொக்கெட்டைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி அதன் ஊசியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே பிடிப்பு இல்லை (அறிகுறி 5).

ஒன்றும் ஓடாதபோதே 205தான் என்றால் வேனிலோ வயரிலோ தேடிப் பயனில்லை. இடத்துக்காரரின் மெயின் பெட்டியில் அளந்து பாருங்கள். அங்கே 225 இருந்து சொக்கெட்டில் 205 என்றால் இடையிலுள்ள வயரிங். அங்கேயும் குறைவென்றால் லைன். லைன் குறைவுக்கு மின்சார சபையின் 1987க்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று நாலைந்து நாள் குறித்து வைத்துக் கொடுத்தால் வேலை சீக்கிரம் நகரும். "கரண்ட் குறைவு" என்று மட்டும் சொன்னால் பகலில் வந்து அளந்து, சரியாக இருக்கிறது என்று போய்விடுவார்கள்.

அதுவரைக்கும் 200க்குக் கீழே பிரிட்ஜ், ஏ.சி., தண்ணீர் மோட்டர் மூன்றையும் போடாதீர்கள். கேத்தலும் லைட்டும் குறைந்த வோல்ட்டில் சோம்பும், அவ்வளவுதான். மோட்டர் உள்ளது எரியும்.

அறிகுறி 2: லைட் வழமையை விடப் பளிச்சென்று எரிகிறது

மற்ற எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது இதற்குத்தான். இதைக் கண்டால் அளக்கப் போகாதீர்கள், காரணம் தேடாதீர்கள். மெயினை இறக்குங்கள், வேனின் கோட்டைக் கழற்றுங்கள். பிறகு மிச்சம்.

கல்லடியில் கடற்கரைப் பக்கம் இரண்டு அறை வாடகைக்கு விடும் ஒரு அம்மா ஒரு நாள் பின்னேரம் அழைத்தார். முற்றத்தில் ஒரு கேம்பர் வேன் நின்றது. வேனின் சார்ஜரிலிருந்து மணம் வருகிறதாம்.

"மனே, கரண்ட் குறைவெண்டும் சொல்லேலா. இண்டைக்கு நல்லா வருது. பல்பெல்லாம் பளபளவெண்டு எரியுது, ஃபேன் பறக்குது."

"அம்மா, குசினி லைட் எப்பிடி?"

"அதுதான் மங்கிப்போய்க் கிடக்கு."

"மெயினை இறக்குங்க அம்மா. இப்பவே. நான் வாறன்."

அந்த ஒரு கேள்விதான் முக்கியம். அது மூன்று ஃபேஸ் லைன், அதாவது கரண்ட் வரும் வயர் மூன்று உள்ள வீடு. ஒரு பக்கம் பளிச்சென்றும் இன்னொரு பக்கம் மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் பொது வயர், விட்டுவிட்டது என்று அர்த்தம். போய் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, பழைய பல்ப் ஒன்றை மட்டும் வைத்து ஒரு கணம் மெயினை ஏற்றி அளந்தேன். அறைப் பக்கம் 291. பெட்டியைத் திறந்தால் நியூட்ரல் பட்டையில் மெயின் வயர் ஏறும் திருகாணி விரலாலேயே சுழன்றது. வயர் நுனி பச்சை படிந்து, அதன் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து, ஓரம் கருகிப் போயிருந்தது. நுனியை வெட்டி, புதிதாக உரித்து, பட்டையைச் சுரண்டி, இறுக்கி ஏற்றியதும் மூன்று பக்கமும் 229, 231, 230. ஒரு திருகாணிதான். வேனின் சார்ஜரும் அறையில் இருந்த டிவியும் போய்விட்டன.

நியூட்ரல் எங்கே விட்டது என்று கண்டுபிடிக்கும் வரிசை இது. 

ஒரு ஃபேஸ் லைன் உள்ள வீட்டில் உங்கள் நியூட்ரல் மட்டும் அறுந்தால் எல்லாமே அணையும், ஆனால் டெஸ்டர் சொக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும். அணைந்துவிட்டதே என்று நம்பி வயரில் கை வைக்காதீர்கள்.

ஒரு ஃபேஸ் வீட்டில் எல்லாமே பளிச்சென்று எரிந்து, பக்கத்து வீட்டில் மங்கினால் வெளியே லைனில் நியூட்ரல் போயிருக்கிறது. அது 400 வோல்ட் பக்கம் வரைக்கும் ஏறக்கூடியது. தென்னோலை விழுந்த அடுத்த நாளிலும், காற்று மழைக்குப் பிறகும் இதைக் கண்டிருக்கிறேன். 1987க்கு அழையுங்கள், அயல் வீடுகளுக்கும் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். மின்சார சபையின் மீட்டருக்கு வெளிப்புறம் நீங்களோ நானோ தொடக்கூடாது.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் பெட்டிக்குள்ளும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்க வேண்டியது. கடலுக்கு அரை மைலுக்குள் இருக்கும் வீடு என்றால் வருஷத்துக்கு ஒரு தடவை, சீசன் தொடங்குமுன், நியூட்ரல் திருகாணிகளை இறுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்ல" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கரண்ட் மண்ணுக்குக் கசிந்தால் வெட்டும் ட்ரிப் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றும். பொருளைக் காப்பாற்றாது. 290 வோல்ட் வந்தாலும் அது பேசாமல் நிற்கும், ஏனென்றால் கரண்ட் மண்ணுக்குக் கசியவில்லை.

அறிகுறி 3: பிரிட்ஜ் "கிளிக்" என்கிறது, ஓடுவதில்லை

கிளிக், ஒரு முனகல், பிறகு அமைதி. ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கிளிக். உடனே பிளக்கைக் கழற்றுங்கள். இப்படி விட்ட ஒரு இரவில் கொம்பிரசர் போகும்.

வோல்டேஜை அளக்கவும். 200க்குக் கீழே என்றால் பிரிட்ஜில் பிழையில்லை, அறிகுறி 1க்குப் போங்கள். வோல்டேஜ் சரி, ஆனால் கரண்ட் போய் வந்த உடனே நடந்தது என்றால் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போட்டுப் பாருங்கள். உள்ளே காஸ் அழுத்தம் இறங்காமல் கொம்பிரசரால் கிளம்ப முடியாது. பொறுத்துப் போட்டும் கிளிக்தான் என்றால் பின்பக்கம் இருக்கும், கொம்பிரசரைக் கிளப்பிவிடும் ரிலேயும் கெபாசிட்டரும். சின்னச் செலவு, பிரிட்ஜ்காரர் மாற்றித் தருவார். அதற்கும் சரிவராவிட்டால் கொம்பிரசர். வேனுக்குள் இருக்கும் 12 வோல்ட் பிரிட்ஜ் என்றால் கதை வேறு. அது பட்டரியில் ஓடுவது, அறிகுறி 7 பாருங்கள்.

அறிகுறி 4: வேன் உடம்பைத் தொட்டால் சுள்ளென்கிறது

சின்னக் கூச்சம்தானே என்று விடாதீர்கள். வெறுங்காலோடு கடலில் குளித்து வந்து கதவைப் பிடிக்கும் பிள்ளைக்கு அது சின்னதாக இருக்காது. கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். கழற்றும்போதும் சொக்கெட் பக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

முதல் காரணம், எர்த் இல்லை. பழைய இரண்டு ஊசி உருண்டைப் பிளக்குக்கு அடாப்டர் போட்டு எடுத்திருந்தால் எர்த் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று சதுர ஊசி 13 அம்பியர் பிளக்கில் நேரே எடுங்கள். 

இரண்டாவது, எக்ஸ்டென்ஷனுக்குள் எர்த் வயர் அறுந்திருக்கும், அல்லது இரண்டு வயர் கோட்டாக இருக்கும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் போட்டு, பிளக்கின் பெரிய ஊசிக்கும் மறுமுனை எர்த் ஓட்டைக்கும் பிடியுங்கள். பீப் வர வேண்டும்.

மூன்றாவது, லைவ்வும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் மாறிப் பூட்டியிருப்பது. 13 அம்பியர் சொக்கெட்டை முகம் பார்த்து நின்றால் எர்த் மேலே, லைவ் வலக்கைப் பக்கம். டெஸ்டர் இடது ஓட்டையில் எரிந்தால் மாறிக் கிடக்கிறது. மாறிக் கிடந்தால் வேனில் சுவிட்சை நிறுத்தினாலும் பொருளுக்குள் கரண்ட் நிற்கும்.

நான்காவதுதான் நம் கரையோரத்துக்கு உரியது. இடத்தின் எர்த் கம்பியே வேலை செய்வதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேல் மணல் பொரிந்துபோய்க் கிடக்கும். நாலடிக் கம்பியை அதில் குத்தினால் குத்தாதது மாதிரித்தான். ஈர மண் வரைக்கும் போக வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு கம்பி குத்தி இணைக்க வேண்டும். இது அளக்கும் கருவி உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை. எர்த் சரியான பிறகும் அடித்தால் வேனுக்குள் ஏதோ ஒரு பொருளில் கசிவு. அதைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் அந்த வேனில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

அறிகுறி 5: பிளக் சூடாகிறது, பிளாஸ்டிக் மணம்

நிறுத்துங்கள். பிளக்கின் ஊசியைப் பாருங்கள். ஒரு ஊசி மட்டும் பழுப்பு நிறமாக, அடியில் பிளாஸ்டிக் குழைந்து நின்றால் அந்தப் பக்கத்துச் சொக்கெட் நாக்கு தளர்ந்துவிட்டது. பிளக்கை மட்டும் மாற்றிப் பழைய சொக்கெட்டில் குத்தினால் புதுப் பிளக்கும் ஒரு கிழமையில் அதே கோலம். இரண்டையும் மாற்றுங்கள். இரண்டும் புதிதாகியும் சூடேறினால் லோட் கூட. 13 அம்பியர் பொயின்டில் ஏ.சி.யும் கேத்தலும் ஒன்றாக இழுக்கக் கூடாது.

அறிகுறி 6: சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது

எந்தச் சுவிட்ச் என்று முதலில் பாருங்கள். டெஸ்ட் பொத்தான் உள்ளது ட்ரிப் சுவிட்ச், அது விழுந்தால் கசிவு. பொத்தான் இல்லாத சின்னது விழுந்தால் லோட் கூட அல்லது ஷோர்ட்.

ட்ரிப் என்றால் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், வேனின் கோட் உட்பட. சுவிட்சை நிறுத்தினால் போதாது, கழற்ற வேண்டும். ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகக் குத்துங்கள், எதில் விழுகிறதோ அதுதான். சுடுநீர் ஹீட்டர், பழைய தண்ணீர் மோட்டர், மணலில் புதைந்த எக்ஸ்டென்ஷன் மூட்டு, இந்த மூன்றில் ஒன்றாக இருப்பதுதான் வழமை. மாரியில் மட்டும் விழுந்தால் வெளிச் சொக்கெட் பெட்டிக்குள் தண்ணீர். மூடியுள்ள நீர் புகாப் பெட்டி போட்டு, வயரைக் கீழ்ப்பக்கமாக ஏற்றுங்கள்.

ஒன்றும் குத்தாமலே விழுந்தால் சுவருக்குள் வயரிங். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, ஆளைக் கூப்பிடுங்கள்.

சில இடங்களில் விருந்தாளி முறைப்பாடு செய்கிறார் என்று ட்ரிப் சுவிட்சைக் கடந்து நேரே வயர் கொடுத்து விடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். எர்த் மோசமான மணல் தரையில் உயிருக்கு இருக்கும் ஒரே காவல் அதுதான். அப்படிக் கொடுத்திருக்கும் இடத்தில் வேனைக் குத்தாதீர்கள், பட்டரியில் ஒரு இரவு சமாளியுங்கள்.

அறிகுறி 7: கோட் குத்தியும் பட்டரி ஏறவில்லை

பட்டரி முனையில் அளக்கவும். சார்ஜர் ஓடினால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். 12.6க்குக் கீழேயே நின்றால் சார்ஜர் கொடுக்கவில்லை. பியூஸ், பிறகு பட்டரி முனையில் படிந்த பச்சை, பிறகு சார்ஜர். கோட் குத்தாமல் ஓய்வில் 12.2 என்றால் சாதாரண ஈயப் பட்டரி பாதிதான் இருக்கிறது. லிதியம் பட்டரிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சார்ஜரின் ஸ்டிக்கரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் குறைந்த வோல்டேஜை அது தாங்கும், கூடினால் தாங்காது.

என்ன வாங்க வேண்டும்

ஸ்டெபிலைசர் வாங்கவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் சொல்வது, வோல்டேஜ் எல்லை தாண்டினால் கரண்டை வெட்டிவிடும் ரிலேதான் முதலில். மெயின் பெட்டிக்குள் இருக்கும் உலோகப் பட்டையில் பூட்டும், இலக்கத்தில் வோல்டேஜ் காட்டும் 40 அல்லது 63 அம்பியர் ஓவர் அண்டர் வோல்டேஜ் ரிலே ஒன்று. மேல் எல்லை 255, கீழ் எல்லை 200, திரும்ப ஏறும் தாமதம் 180 விநாடி என்று வையுங்கள். 244க்கும் 216க்கும் நெருக்கி வைத்தால் இரவெல்லாம் வெட்டி வெட்டி ஏறும், எரிச்சலில் கழற்றி எறிந்து விடுவீர்கள். அந்த 180 விநாடி பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் கட்டாயம். கல்லடி அம்மாவின் முற்றத்து வேனில் இது ஒன்று இருந்திருந்தால் சார்ஜர் மிஞ்சியிருக்கும்.

ஸ்டெபிலைசர் அதற்குப் பிறகு, லைனே நிரந்தரமாகக் குறைந்த இடத்துக்கு மட்டும். மெல்லிய வயரின் முடிவில் ஸ்டெபிலைசர் வைத்தால் அது வோல்டேஜைத் தூக்க இன்னும் கூடுதல் அம்பியர் இழுக்கும், வயர் இன்னும் சூடேறும். வயரை மாற்றிய பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கலாம்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து அமெரிக்க வேன்களுக்கான காவல் பெட்டியை வரவழைத்தவர்களையும் கண்டேன். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. 104க்குக் கீழும் 132க்கு மேலும் வெட்டும்படி வைத்திருப்பார்கள். நம் சொக்கெட்டில் அது ஒரு நாளும் ஓடாது. அங்கே 50 அம்பியர் பொயின்ட் என்பது இரண்டு 120 வோல்ட் லைனும் பொதுவான ஒரு நியூட்ரலும். அங்கேயும் நியூட்ரல் விட்டால்தான் வேன் எரிகிறது.

இடிக்கு ரிலே உதவாது, அது வெட்டுமுன் இடி வந்து போய்விடும். இடியின் அதிக வோல்டேஜை மண்ணுக்கு இறக்கும் சர்ஜ் அரெஸ்டர் போடலாம், ஆனால் எர்த் நன்றாக இருந்தால்தான் அதற்கு வேலை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி முழங்கத் தொடங்கும்போதே கோட்டைச் சொக்கெட்டிலிருந்து கழற்றி வேனுக்குள் எடுத்து வையுங்கள். இடி தலைக்கு மேலே வந்த பிறகு கழற்றப் போகாதீர்கள்.

இடத்துக்காரர் ஜெனரேட்டரைப் போட்டால், அது நிதானித்து ஓடும் வரைக்கும் ஐந்து நிமிஷம் வேனைக் குத்தாமல் இருங்கள். லைட் துடித்துக்கொண்டே இருந்தால் அந்த இரவு குத்தவே வேண்டாம். லைன் கரண்ட் திரும்பி வந்ததும் மீட்டரில் 216க்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முதலில் லைட், பிறகு சார்ஜர், கடைசியாக ஏ.சி.